சிலந்தியையும் சேர்த்து எண்ணுங்கள்: நெல்வயல் பூச்சிக் கட்டுப்பாட்டில் கணிதம்

சம்பா நட்டு அறுபது நாள் ஆகியிருந்தது. பொன்னேரிக்கு அப்பால் இருக்கும் என் சித்தப்பாவின் வயலில், பச்சைக்கு நடுவே ஒரு பாய் விரித்த அகலத்துக்குப் பயிர் வட்டமாகத் தீய்ந்து கிடந்தது. அடுப்புப் புகை படிந்த ஓலை போன்ற நிறம். அந்த நிறத்தால்தான் இப்படிச் சாற்றைக் குடித்துப் பயிரைத் தீய்க்கும் பூச்சிக்குப் புகையான் என்று பெயர். சித்தப்பா இருபது நாளுக்கு முன்பே கடையில் கொடுத்த மருந்தை அடித்திருந்தார். பக்கத்து வயல்காரருக்கு அந்த நேரத்தில் கையில் பணமில்லை, அதனால் அவர் அடிக்கவில்லை. அவர் வயலில் வட்டம் விழவில்லை.

"காசைக் கொட்டினவன் வயல் எரியுது, கொட்டாதவன் வயல் பச்சையா நிக்குது. உங்க கணக்குப் பாடத்துல இதுக்குப் பதில் இருக்காப்பா?" என்று கேட்டார். நான் வடசென்னையின் காலடிப்பேட்டையில் குடியிருந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்த பிறகு, பதில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகவே இருக்கிறது என்று தெரிந்தது. அது முதலில் கிடைத்த இடம் நெல்வயல் அல்ல, மீன் சந்தை.

நெற்பயிரின் பூச்சிக் கட்டுப்பாட்டுக்குக் கணிதம் இதுவரை என்ன தந்திருக்கிறது, எங்கே தவறியிருக்கிறது, நம் வயலுக்கு அதில் எது வந்து சேர வேண்டும் என்பதை ஒருமிக்கப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

சுறாவும் திருக்கையும் சொன்ன விதி

முதல் உலகப்போர்க் காலத்தில் இத்தாலிக்குக் கிழக்கே உள்ள அட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்தது. உம்பெர்ட்டோ தான்கோனா என்ற உயிரியலாளர் அந்தக் கடற்கரைச் சந்தைகளின் பதிவேடுகளைப் புரட்டியபோது விசித்திரமான ஒன்றைக் கண்டார். போர் ஆண்டுகளில் சந்தைக்கு வந்த மீனில் சுறா, திருக்கை போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியிருந்தது. வலை குறைந்தால் எல்லா மீனும் சமமாகப் பெருக வேண்டாமா? வேட்டை மீனுக்கு மட்டும் ஏன் இந்த ஆதாயம்? இந்தக் கேள்வியை அவர் பின்னாளில் தம் மாமனாரான கணிதமேதை வீட்டோ வோல்டெராவிடம் கொண்டுபோனார். 1926இல் வோல்டெரா விடை தந்தார். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா 1925இலேயே அதே சமன்பாடுகளைத் தனியாக எழுதியிருந்தார்.

காசிமேட்டில் மீன் வாங்கும் எவருக்கும் இந்தச் சமன்பாட்டை வாயால் சொல்லிவிடலாம். இரை தானாகப் பெருகும், வேட்டையாடியால் குறையும். வேட்டையாடி இரை கிடைத்தால் பெருகும், கிடைக்காவிட்டால் சாகும். இவ்வளவுதான் அடித்தளம். இதைக் குறியீட்டில் எழுதித் தீர்த்தால், யாரும் எதிர்பாராத ஒன்று வெளியே வருகிறது. இரையின் சராசரி எண்ணிக்கையில் இரையின் பெருக்கவேகம் இடம்பெறுவதே இல்லை. வேட்டையாடி எவ்வளவு எளிதாகச் சாகிறது, உண்டதை எவ்வளவு திறமையாகக் குட்டியாக்குகிறது என்ற இரண்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. அதேபோல் வேட்டையாடியின் சராசரியைத் தீர்மானிப்பது இரையின் பெருக்கவேகம்.

இப்போது இரண்டையும் ஒரே வலையால் அள்ளுங்கள். வேட்டையாடியின் சாவு கூடுகிறது, ஆகவே இரையின் சராசரி ஏறுகிறது. இரையின் நிகரப் பெருக்கம் குறைகிறது, ஆகவே வேட்டையாடியின் சராசரி இறங்குகிறது. வேறுபாடு பாராமல் இரண்டையும் கொல்லும் எதுவும் இரைக்குத்தான் சாதகம். வலை நின்ற போர்க்காலத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது, சுறாவின் பங்கு கூடியது. இதை வோல்டெரா விதி என்பார்கள்.

இரையின் இடத்தில் புகையானை வையுங்கள், சுறாவின் இடத்தில் ஓநாய் சிலந்தியை, வலையின் இடத்தில் கைத்தெளிப்பானை. சித்தப்பாவின் கேள்விக்கான முதல் பதில் அங்கேயே இருக்கிறது.

பத்து மடங்கா, ஒரு மடங்கா

இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு கடுமையாக வேலை செய்கிறது என்பதைப் பூச்சியின் குடும்பக் கணக்கில் பார்க்கலாம். புகையான் பெண் பூச்சி தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ ஒரு மாதம். ஒரு பருவத்துக்குள் மூன்று தலைமுறை தாராளமாக வந்துவிடும். எளிமைக்காக ஒரு பெண்ணுக்கு 200 முட்டை, அதில் பாதி பெண் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த நூறு பெண்களில் 90 விழுக்காடு முதிர்வதற்குள் செத்தால் பத்து மிஞ்சும். மூன்று தலைமுறையில் ஒரு பூச்சி ஆயிரமாகிறது. 98 விழுக்காடு செத்தால் இரண்டு மிஞ்சும். மூன்று தலைமுறையில் எட்டு. 99 விழுக்காடு செத்தால் ஒன்றே மிஞ்சும். மூன்று தலைமுறை கழித்தும் அதே ஒன்றுதான். ஆயிரம், எட்டு, ஒன்று: பயிர் எரிவதற்கும் நிற்பதற்கும் இடையே இருப்பது அந்த ஒன்பது விழுக்காடு. அந்த ஒன்பதை வயலில் நிரப்புகிறவை சிலந்தி, புகையானின் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சி, தட்டான், நீர்ப்பரப்பில் ஓடும் சிறு பூச்சிகள், முட்டைக்குள் முட்டையிடும் கண்ணுக்குத் தெரியாத குளவிகள் ஆகியவை.

மருந்து 100 பூச்சியில் 95ஐக் கொன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விற்பனைப் பேச்சில் இது பெரிய வெற்றி. ஆனால் புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது, மருந்து அங்கே போய்ச் சேராது. மிச்சமிருக்கும் ஐந்துக்கும், புதிதாகப் பொரிப்பவற்றுக்கும் இப்போது எதிரி இல்லை. இயற்கைச் சாவு 99இலிருந்து 90க்கு இறங்கிவிட்டால் அந்த ஐந்து, ஒரு தலைமுறையில் ஐம்பது, அடுத்ததில் ஐந்நூறு. அடிக்காமல் விட்டிருந்தால் நூறு நூறாகவே நின்றிருக்கும். பூச்சியியலில் இதற்கு மறுபெருக்கம் என்று பெயர். செயற்கைப் பைரித்ராய்டுகள், மீத்தைல் பாரத்தியான், குயினால்பாஸ் போன்றவை புகையானை மறுபெருக்கம் செய்யவைக்கும், அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே எழுதியிருக்கிறது. அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் நிற்கும் கணக்கு இதுதான்.

ஒரு சிலந்தியால் எவ்வளவு முடியும்

வோல்டெராவின் சிலந்திக்கு வயிறு நிரம்புவதே இல்லை. இரை எவ்வளவு இருந்தாலும் அதே விகிதத்தில் தின்றுகொண்டே இருக்கும். இந்தக் குறையை 1959இல் கனடாவின் ஹோலிங் திருத்தினார். அவர் செய்த சோதனை சிறுபிள்ளை விளையாட்டைப் போன்றது. ஒரு மேசைமேல் உப்புத்தாளில் வெட்டிய சிறு வட்டுகளைப் பரப்பினார். கண்ணைக் கட்டிக்கொண்ட உதவியாளர் விரலால் தடவித் தடவி அவற்றைத் தேடி எடுத்து ஒதுக்க வேண்டும். வட்டு குறைவாக இருந்தபோது தேடுவதிலேயே நேரம் போனது. வட்டு மிகுந்தபோது எடுத்து வைப்பதிலேயே நேரம் போனது. ஒரு கட்டத்துக்கு மேல் எத்தனை வட்டைக் கொட்டினாலும் நிமிடத்துக்கு எடுக்கும் எண்ணிக்கை கூடவில்லை. சிலந்திக்கும் இப்படியே. ஓநாய் சிலந்தி ஒன்று நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து இரை வரை தின்னும். வயலில் ஆயிரம் இருந்தாலும் அவ்வளவுதான்.

இந்த ஒரு திருத்தத்தால் முழுச் சித்திரமும் மாறுகிறது. பூச்சி குறைவாக இருக்கும்வரை சிலந்தி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் சிலந்தியின் கைக்கு அடங்காது. வயலுக்கு இரண்டு நிலைகள் உண்டு: அடங்கிய நிலை, வெடித்த நிலை. நடுவே ஒரு வரப்பு. மருந்தால் சிலந்தியைக் குறைத்தால் அந்த வரப்பு தாழ்கிறது. தழைச்சத்தைக் கூட்டினால் பூச்சி வரப்பைத் தாண்டும் வேகம் கூடுகிறது.

எங்கள் பகுதியில் இதைக் கண்ணெதிரே பார்க்கிறோம். மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை இருக்கிறது. அதன் விஜய் யூரியா மூட்டைகள் பொன்னேரி வயல்களிலும் பிரிக்கப்படுகின்றன. தழைச்சத்து மிகுந்த பயிரின் சாற்றைக் குடிக்கும் புகையான் அதிகம் முட்டையிடும், அதன் குஞ்சுகள் அதிகம் பிழைக்கும். யூரியா இல்லாமல் இன்றைய விளைச்சல் இல்லை, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒரே தடவையில் கொட்டுவதும், நான்கு தவணையாக இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போடுவதும் பயிருக்கு எப்படியோ, பூச்சியின் கணக்கில் ஒன்றல்ல.

சிலந்தி வேறொரு வகையிலும் வோல்டெராவின் சுறாவிலிருந்து மாறுபடுகிறது. அது புகையானை மட்டும் நம்பி வாழ்வதில்லை. வில்லியம் செட்டிலும் குழுவினரும் ஜாவாவின் நெல்வயல்களில் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. நட்ட தொடக்கத்தில், பூச்சி வருவதற்கு முன்பே, மக்கும் தாளையும் நீர்ப்பாசியையும் தின்று வாழும் சிறு ஈக்களும் உயிர்களும் வயலில் திரள்கின்றன. சிலந்திகள் அவற்றைத் தின்று பெருகிக் காத்திருக்கின்றன. புகையான் வரும்போது வேட்டைப்படை ஏற்கெனவே தயார். தொழு எருவும் பசுந்தாளும் சத்து மட்டும் தருவதில்லை, சிலந்திக்கு முன்பணமும் தருகின்றன. நட்ட முதல் மாதத்தில் அடிக்கும் மருந்து அந்த முன்பணத்தைத்தான் முதலில் அழிக்கிறது.

முட்டைக்கும் குளவிக்கும் நாள் பொருத்தம்

வேட்டையாடி இரையைத் தின்கிறது. ஒட்டுண்ணி இரைக்குள் தன் பிள்ளையை வைக்கிறது. அதனால் அதன் கணக்கு தொடர்ச்சியாக ஓடாமல் தலைமுறை தலைமுறையாகத் தாவும். 1935இல் ஆஸ்திரேலியாவின் நிக்கல்சனும் பெய்லியும் இதற்கான சமன்பாட்டை எழுதினார்கள். அது தந்த முடிவு நிம்மதி தருவதாக இல்லை. ஒட்டுண்ணியும் இரையும் மட்டும் இருந்தால் இரண்டின் எண்ணிக்கையும் மேலும் கீழுமாக ஊசலாடி, ஊசல் பெரிதாகிக்கொண்டே போய் அறுந்துவிடும். பிற்காலத்தவர்கள் இடம், மறைவிடம், தாமதம் ஆகியவற்றைச் சேர்த்து அந்த ஊசலை நிறுத்தும் வழிகளைக் கண்டார்கள்.

நம் வயலுக்கு இதிலிருந்து வந்த பாடம் நாள் பற்றியது. குருத்துப்பூச்சியின் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிராமா ஜப்பானிக்கம் என்ற குளவியின் அட்டையை நட்ட 30ஆம் நாளும் 37ஆம் நாளும் கட்டச் சொல்கிறார்கள். இலைச்சுருட்டுப்புழுவுக்கு டிரைக்கோகிராமா கைலோனிஸ் அட்டை 37, 44, 51ஆம் நாட்களில். ஒவ்வொரு முறையும் எக்டேருக்கு 5 சி.சி. முட்டை. ஏன் ஏழு நாள் இடைவெளி? குளவியின் ஆயுள் குறைவு. பூச்சியின் முட்டைப் பருவமும் ஒரு வாரம்தான். முட்டை இல்லாத நாளில் விட்ட குளவி வீண், குளவி இல்லாத நாளில் இட்ட முட்டை புழு. ஒரே தடவையில் அள்ளி விடுவதைவிட வாரந்தோறும் சிறிது சிறிதாக விடுவதே இரண்டும் சந்திக்கும் வாய்ப்பைக் கூட்டும்.

வெப்பநிலையும் இந்த நாள் கணக்கில் நுழைகிறது. பூச்சிக்கு நாட்காட்டி கிடையாது, அது வளர்வது சேரும் வெப்பத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு நாளும் ஓர் அடிப்படை அளவுக்கு மேல் எவ்வளவு வெப்பம் கிடைத்தது என்று கூட்டிக்கொண்டே வந்தால் முட்டை என்று பொரிக்கும், அந்து என்று பறக்கும் என்று சொல்லலாம். விளக்குப்பொறியில் ஓரிரவில் அந்து திடீரென்று கூடினால், அந்த நாளைத் தொடக்கமாக வைத்துக் கணக்கிட்டு முட்டை தேடும் நாளைக் குறிக்கலாம்.

இடமும் கணக்கில் உண்டு. 1967இல் ஜப்பானுக்குத் தெற்கே 500 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் நின்ற வானிலைக் கப்பலைப் புகையான் உள்ளிட்ட தத்துப்பூச்சிகள் கூட்டமாக மொய்த்தன. இந்தச் சிற்றுயிர் காற்றில் ஏறிக் கடல் தாண்டுகிறது என்பதற்கு அது நேரடிச் சான்றானது. அப்படியானால் என் வயலின் தொடக்க எண்ணிக்கை என் கையில் இல்லை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஊருக்குள் மாறி மாறி நட்டுக்கொண்டே இருந்தால் பூச்சிக்கு எப்போதும் ஏதோ ஒரு வயலில் இளம்பயிர் இருக்கும். ஊர் முழுவதும் ஒரே பட்டத்தில் நட்டு, அறுவடைக்குப் பின் இடைவெளி விட்டால் அதன் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இது ஒருவர் வயலில் மட்டும் செய்ய முடிகிற வேலை இல்லை. ஊர் கூடி முடிவெடுக்க வேண்டியது.

திருவள்ளூரிலிருந்து போன மரபணு

பூச்சியை எதிர்க்கும் ரகத்தை விதைத்துவிட்டால் கணக்கே வேண்டாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இந்தக் கதையில் எங்கள் பக்கத்து ஊருக்கு ஒரு பெரிய இடம் உண்டு. திருவள்ளூர் அருகே திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1952இல் வெளியிட்ட டி.கே.எம். 6 என்ற ரகம் குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணத்துக்காகப் பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனது. ஐ.ஆர். 20க்கு அது ஒரு பெற்றோர். 1973இல் வந்த ஐ.ஆர். 26க்கும் அதுவே பெற்றோர். புகையானை எதிர்க்கும் முதல் ஐ.ஆர். ரகம் அந்த ஐ.ஆர். 26தான். எதிர்ப்பைத் தந்த பி.பி.எச். 1 மரபணு டி.கே.எம். 6இலிருந்து போனது. வியப்பு என்னவென்றால் டி.கே.எம். 6 தானே புகையானைத் தாங்காது. அதே ரகத்தில் இருந்த இன்னொரு மரபணு அந்த எதிர்ப்பை அடக்கி வைத்திருந்தது. பிள்ளைக்கு எதிர்ப்பு மட்டும் போனது, அடக்குவது போகவில்லை.

ஐ.ஆர். 26 பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் லட்சக்கணக்கான ஏக்கரில் பரவியது. சில பருவங்களிலேயே அதைத் தின்னக்கூடிய புகையான் இனம் தலையெடுத்தது. இதைக் கணிதம் முன்கூட்டியே சொல்லக்கூடியது: ஒரே எதிர்ப்பு மரபணுவைப் பரந்த நிலத்தில் விதைத்தால், பத்து லட்சத்தில் ஒன்றாக இருந்த பூச்சிக்கு மட்டும் எதிரியில்லாத உலகம் கிடைக்கிறது. மருந்தும் சேர்ந்து சிலந்தியைக் கொன்றால் அந்த ஒன்று இன்னும் வேகமாகப் பெருகும். ரகத்தின் ஆயுளையும் சிலந்திதான் காக்கிறது.

இன்னொன்றையும் இந்தக் கதை கற்றுத் தந்தது. தெற்காசியாவின் புகையான் தொடக்கத்திலிருந்தே வேறு இனம். பி.பி.எச். 1 மரபணுவோ, நம் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7இல் கண்டறியப்பட்ட பி.பி.எச். 2 மரபணுவோ இங்கே புகையானைத் தடுக்கவில்லை. கேரளத்தின் பட்டாம்பி பி.டி.பி. 33உம், இலங்கையின் ரத்து ஹீனட்டியும் இங்கேயும் எதிர்த்து நின்றன. திருவள்ளூரிலிருந்து போன மரபணு மணிலா வயலைச் சில ஆண்டுகள் காத்தது, திருவள்ளூர் வயலைக் காக்கவில்லை. ஓரிடத்தில் அளந்த எண்ணை இன்னோரிடத்தின் சமன்பாட்டில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

எத்தனைக்கு மேல் மருந்து

பூச்சியை முழுவதும் ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே வைத்தால் போதும் என்ற எண்ணம் கொசுக் கணக்கில் முன்பே இருந்தது. அல்மோராவில் பிறந்து 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், பின்னர் கணிதத்தால் ஒன்றை நிறுவினார்: கொசு எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே போனால் மலேரியா தானாக அற்றுவிடும். 1959இல் கலிஃபோர்னியாவின் ஸ்டெர்னும் அவருடன் மூவரும் பயிருக்கு ஓர் எல்லையை வகுத்தார்கள். அதைத்தான் நாம் பொருளாதார சேத நிலை என்கிறோம்.

அதன் கணக்கு எளிது. ஒரு பேச்சுக்கு, ஏக்கருக்கு மருந்தும் கூலியும் சேர்த்து 1,200 ரூபாய், நெல் கிலோ 24 ரூபாய் என்று கொள்வோம். செலவு 50 கிலோ நெல்லுக்குச் சமம். பூச்சியால் போகப்போவது 50 கிலோவுக்குக் குறைவு என்றால் மருந்து அடிப்பதுதான் நட்டம். சிலந்தியை இழப்பதால் பின்னால் வரும் நட்டத்தையும் சேர்த்தால் எல்லை இன்னும் மேலே போகும்.

தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் எல்லைகளைப் பாருங்கள். குருத்துப்பூச்சிக்கு ஒரு சதுர மீட்டரில் இரண்டு முட்டைக்குவியல், அல்லது பத்து விழுக்காடு நடுக்குருத்து காய்தல். ஆனைக்கொம்பன் ஈக்குப் பத்து விழுக்காடு வெள்ளித்தண்டு. இலைச்சுருட்டுப்புழுவுக்கு வளர்ச்சிப் பருவத்தில் பத்து விழுக்காடு இலைச்சேதம், கண்ணாடி இலை வந்த பிறகு ஐந்து. தூர் கட்டும் பருவத்தில் இலை போனாலும் பயிர் ஈடு கட்டிக்கொள்கிறது, கடைசி இலை போனால் மணி நிரம்பாது. அதனால்தான் இரண்டு எண்.

புகையானுக்கு உள்ள எல்லையை நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு பூச்சி, பல தூர் சேர்ந்த குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி. ஒரு வரிதான். ஆனால் வோல்டெராவும் ஹோலிங்கும் ஜாவா வயலும் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறார்கள். பூச்சியை மட்டும் எண்ணாதே, காவலாளையும் எண்ணு என்று சொல்லும் எல்லை அது. கணிதம் உழவனுக்குத் தந்த மிகப் பெரிய பரிசாக அதையே நான் கருதுகிறேன்.

ஒரு நாடே எண்ணிப் பார்த்தபோது

இதெல்லாம் காகிதத்தில் மட்டும் நிற்கிற கணக்கா? 1973–74இல் கேரளத்தின் குட்டநாட்டில் புகையான் பெருமளவில் பயிரை எரித்தது. அதே பத்தாண்டில் தென்கிழக்காசியா முழுவதும் அது பரவியது. பிலிப்பைன்ஸ் வயல்களில் ஆய்ந்த பீட்டர் கென்மோர், மருந்தடித்த இடங்களில் புகையான் பன்மடங்கு பெருகுவதையும் அடிக்காத இடங்களில் சிலந்திகளும் பிற எதிரிகளும் அதை அடக்கி வைப்பதையும் காட்டினார். 1987இல் ஹோல்ட் முதலிய நால்வர் பிலிப்பைன்ஸ் வயலின் புகையானுக்குக் கணினி மாதிரி ஒன்றை உருவாக்கிப் பூச்சி, எதிரி, மருந்து மூன்றையும் ஒரே கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள்.

இந்தோனேசியா 1984இல் அரிசியில் தன்னிறைவு பெற்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஜாவாவின் வயல்களைப் புகையான் எரித்தது. அரசு அதுவரை பூச்சிமருந்துக்குப் பெரும் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார். 1989க்குள் மானியமும் போனது. அதே ஆண்டு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. உழவர்கள் வாரம் ஒருமுறை கூடி, பயிரின் அடியில் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, தாளில் வரைந்து, அடிப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்தார்கள். நெல் விளைச்சல் விழவில்லை. வியட்நாமின் மீகாங் வடிநிலத்தில் 1994இல் நட்ட முதல் நாற்பது நாள் மருந்து வேண்டாம் என்ற ஓர் எளிய விதி பரப்பப்பட்டது. அங்கும் மருந்து குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. ஒரு விதியாகச் சுருங்கியபோதுதான் சமன்பாடு வயலுக்குள் இறங்கியது.

மாதிரிகளின் குறை

இன்று உலகெங்கும் கணிதத் துறைகளிலிருந்து பூச்சிக் கட்டுப்பாட்டு மாதிரிகள் ஏராளமாக வருகின்றன. மருந்தைத் துடிப்புத் துடிப்பாகத் தெளிப்பது, குளவி விடுவது, தாமதம், உகந்த கட்டுப்பாடு என்று அழகான வேலைகள். அவற்றில் பலவற்றைப் படித்து மகிழ்ந்திருக்கிறேன். மகிழ்ந்ததாலேயே குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் குறை, பெரும்பாலானவை சமநிலையைத் தேடுகின்றன. நெல்வயலுக்குச் சமநிலை அடைய நேரமில்லை. நூற்றிருபது நாளில் அறுவடை, பூச்சிக்கு மூன்று நான்கு தலைமுறை, பிறகு எல்லாம் கலைந்துவிடும். வோல்டெராவின் சமநிலையை அப்படியே நம்பினால் யூரியாவால் கூடும் பூச்சியெல்லாம் கடைசியில் சிலந்தியாகவே மாறி நிற்க வேண்டும். உண்மையில் சிலந்தி பெருகி முடிப்பதற்குள் பயிர் எரிந்துவிடும். வயலைக் காப்பதா எரிப்பதா என்று தீர்மானிப்பது அந்த முதல் அறுபது நாளின் ஓட்டமே தவிர, முடிவிலி நேரத்தில் கோடு எங்கே போய் நிற்கும் என்பதல்ல.

இரண்டாவது குறை, எண்கள். சிலந்தியின் பசி, முட்டையின் சாவு, மருந்தால் எதிரிக்கு வரும் சேதம் ஆகியவற்றை வயலில் அளப்பது கடினம். அதனால் வசதியான எண்களை வைத்துக்கொண்டு தேற்றத்தை நிறுவிவிடுகிறார்கள். டி.கே.எம். 6இன் கதை காட்டியபடி, அந்த எண் ஊருக்கு ஊர் மாறும்.

மூன்றாவது குறை மாதிரியில் இல்லை, நம்மிடம் இருக்கிறது: எண்ணுவதற்கு ஆளில்லை. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தேசியப் பூச்சி கண்காணிப்பு முறையைத் தொடங்கியது. உழவர் கைபேசியில் படமெடுத்து அனுப்பினால் செயற்கை நுண்ணறிவு பூச்சியை அடையாளம் சொல்லும். வரவேற்க வேண்டியது. ஆனால் பூச்சியின் பெயர் தெரிந்ததும் மருந்தின் பெயரைத் தேடுவதுதான் மனிதப் பழக்கம். ஒரு படத்தில் புகையான் ஒன்று தெரியும், தண்ணீர்மேல் ஓடிப்போன சிலந்தி தெரியாது. கருவி கேட்க வேண்டிய கேள்வி "இது என்ன பூச்சி" என்பதோடு நிற்கக் கூடாது, "தூருக்கு எத்தனை, குத்துக்கு எத்தனை சிலந்தி" என்றும் கேட்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. கணிதம் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு பருவமாவது திரூர்க்குப்பத்திலோ ஆடுதுறையிலோ நெல் ஆராய்ச்சி நிலைய வயலில் இறங்கி எண்ண வேண்டும். நிறுவிய தேற்றத்தின் அருகே தாமே எண்ணிய பட்டியல் ஒன்று இருக்கட்டும். அரசு மருந்துக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கை எண்ணுவதற்குச் செலவழிக்கட்டும். ஊருக்கு ஒரு பெண்ணுக்கோ இளைஞனுக்கோ பயிற்சி கொடுத்து வாரக்கூலி தந்தால், அந்த ஊர் வயல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் கிடைத்துவிடும்.

இருபது குத்து

அடுத்த சம்பாவில் நான் சித்தப்பாவோடு வயலில் இறங்கினேன். எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நட்டிருந்ததால் நடக்க வழி இருந்தது. குறுக்காக நடந்து இருபது குத்து தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொன்றிலும் தூர்களை ஒரு கையால் சாய்த்து, மறு கையால் அடியில் தட்டினால் புகையான் தண்ணீரில் விழும். பழுப்பு நிறத்தில் கோதுமை நொய் அளவுக்கு இருக்கும். குஞ்சுகள் வெளிர் நிறம், விழுந்த உடனே பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபக்கம் ஒளிந்துகொள்ளும். சிலந்தி தண்ணீர்மேல் ஓடும். முதுகில் கவை போன்ற கோடு தெரிந்தால் ஓநாய் சிலந்தி.

இருபது குத்தில் தூர்கள் 290. புகையான் 318. சிலந்தி 23. தூருக்கு ஒன்றுக்குச் சற்று மேல், குத்துக்கு ஒரு சிலந்திக்கு மேல். சிலந்தி இல்லை என்று வைத்தால் எல்லை தாண்டிவிட்டது. சிலந்தியைச் சேர்த்தால் தாண்டவில்லை. சித்தப்பா வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். போன வருடத்து வட்டம் அவர் மனதில் இருந்தது, எனக்குத் தெரியும்.

தண்ணீரை வடித்துவிட்டு, மேலுரத்தை நிறுத்தி வைத்தோம். நான்கு நாள் கழித்து மறுபடி எண்ணினோம்: 274, 31. எட்டாம் நாள் அவரே தனியாக எண்ணினார். நான் போனபோது மோட்டார் அறைச் சுவரில் கரித்துண்டால் எழுதிய மூன்று வரி இருந்தது. முதல் இரண்டில் இரண்டிரண்டு எண்கள். மூன்றாவதில் அவர் சிலந்தியின் எண்ணை முதலில் எழுதியிருந்தார்.